எளியோர் கணக்கும் இரகசியமே: காரியாபட்டிப் பிரகடனம்

காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரக் கணக்குதாரர்களாகிய நாம், வங்கிகளின் கையில் உள்ள நம் விவரங்களின் மீது நமக்குள்ள உரிமையை இன்று பிரகடனம் செய்கிறோம். மானாவாரிப் பருத்தி விவசாயி, மிளகாய் வற்றல் வியாபாரி, அருப்புக்கோட்டைத் தறிகாரர், மகளிர் குழு உறுப்பினர், நூறு நாள் வேலைக் கூலியாள், கல்விக்கடன் பெற்ற மாணவர் ஆகியோர் இந்த இயக்கத்தின் உறுப்பினர்கள். சாதி நம்மைச் சேர்க்கவில்லை, கட்சி நம்மைச் சேர்க்கவில்லை, பாஸ்புக்கு சேர்த்திருக்கிறது.

வங்கிக்குப் போகிறவர் பணத்தை மட்டும் ஒப்படைப்பதில்லை. பெயரை ஒப்படைக்கிறார், கைரேகையை ஒப்படைக்கிறார். நிலத்தின் பட்டாவையும், நகையின் எடையையும், மகளின் படிப்புச் செலவையும், வீட்டின் நோயையும் ஒப்படைக்கிறார். பணத்துக்கு ரசீது உண்டு; விவரத்துக்கு ரசீது இல்லை. பணம் எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் உண்டு. விவரம் எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் இல்லை. பதிலின்மையின் மீது எழுப்பிய பழைய ஒழுங்கு முடிந்துவிட்டது. அதன் தோல்வியை நிறுவுவது நம் பணியன்று. அதன் இடத்தில் எது வர வேண்டும் என்பதைச் சொல்வதே நம் பணி.

இரண்டு இரகசியங்கள், இரண்டு நீதிகள்

2016ஆம் ஆண்டு இந்த நாட்டின் நிதி ஒழுக்கத்தை அம்மணமாகக் காட்டியது. அவ்வாண்டு 500 கோடி ரூபாய்க்கு மேல் கடன் பாக்கி வைத்தவர்களின் பட்டியலை உச்ச நீதிமன்றம் கேட்டது. ரிசர்வ் வங்கி அதை முத்திரையிட்ட உறையில் கொடுத்தது. பெயர்களை வெளியிட வேண்டாம் என்றும் வாதாடியது. அதே ஆண்டு ஜூலையில், இங்கிருந்து கூப்பிடு தூரத்து மதுரையில், கல்விக்கடன் பெற்ற இளம் பொறியாளர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வசூல் நெருக்கடியே காரணம் என்று குடும்பம் குற்றம்சாட்டியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் பாரத ஸ்டேட் வங்கி தன் வாராக் கல்விக்கடன்களை ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருந்தது. கடன் கைமாறியபோது கடனாளியின் முகவரியும் கைமாறியது, தொலைபேசி எண்ணும் கைமாறியது, மானமும் கைமாறியது.

பெரியவர்களின் பாக்கி அரக்கு முத்திரைக்குள் இருந்தது. எளியவர்களின் பாக்கி தெருவுக்கு வந்தது. 2006இல் ஈரோட்டுக் கடனாளி ஒருவர் தொடுத்த வழக்கில், தவணை தவறியவரின் புகைப்படத்தை வெளியிட வங்கி எடுத்த முடிவில் தலையிடச் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. கோடிகளுக்கு உறை, ஆயிரங்களுக்குப் புகைப்படம். இந்த இரட்டை நீதியை ஒழிக்கவே நம் இயக்கம் பிறக்கிறது.

எண்ணப்பட்டோம், கேட்கப்படவில்லை

2018இல் மத்திய அரசு நம் விருதுநகரை முன்னேற விழையும் மாவட்டம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் அப்பட்டியலில் இடம்பெற்றவை இரண்டே மாவட்டங்கள்: இராமநாதபுரமும் நாமும். முன்னேற்றத்தை அளக்க வைத்த அளவுகோல்களில் மக்கள்தொகைக்கு எத்தனை ஜன்தன் கணக்கு, எத்தனைக் காப்பீட்டுச் சேர்க்கை, எத்தனை விழுக்காடு கணக்குகளில் ஆதார் இணைப்பு என்பவையும் இருந்தன. கணக்கின் எண்ணிக்கை அளக்கப்பட்டது. கணக்குதாரரின் சம்மதம் அளக்கப்படவில்லை. கேட்காத காப்பீட்டுக்கு 436 ரூபாய் என்றும் 20 ரூபாய் என்றும் பாஸ்புக்கில் வரி விழுந்த வீடுகள் இந்த அளவுகோலின் விலையை அறியும்.

1977இல் தொடங்கி விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய பாண்டியன் கிராம வங்கி, 2019 ஏப்ரலில் பல்லவன் கிராம வங்கியோடு இணைக்கப்பட்டது. சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி உருவாயிற்று. சட்டப்படி அது சரி. ஆயினும் இரண்டு வங்கிகளின் பேரேடுகள் ஒன்றானபோது, அவற்றில் எழுதப்பட்டிருந்த வாழ்க்கைகளின் உரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் இந்த ஒழுங்கில் இல்லை.

இது நம் வட்டாரத்தின் குறை மட்டுமன்று. 2017இல் ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கி, கைபேசி இணைப்பைச் சரிபார்க்க மக்கள் கொடுத்த ஆதாரை வைத்தே அவர்கள் பெயரில் கணக்குத் தொடங்கியதாகப் புகார் எழுந்தது. அவர்கள் அறியாமலேயே சமையல் எரிவாயு மானியம் அந்தக் கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆதார் ஆணையம் அந்த வங்கியின் சரிபார்ப்பு அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023இல் பேங்க் ஆஃப் பரோடாவின் கைபேசிச் செயலியில் ஆள் சேர்ப்பைக் கூட்டிக் காட்ட, வாடிக்கையாளரின் கணக்கோடு வேறு யாருடைய கைபேசி எண்களோ இணைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அக்டோபர் 10 அன்று செயலியில் புதியவர்களைச் சேர்க்க ரிசர்வ் வங்கி தடை போட்டது. முதல் நிகழ்வில் தனியார் வங்கி, இரண்டாவதில் அரசுத்துறை வங்கி. உடைமை வேறு, நோய் ஒன்று. நோயின் பெயர் இலக்கு.

நம்பிக்கை உடையும்போது என்ன ஆகும் என்பதைக் காயல்பட்டினம் காட்டியது. 2020 ஜனவரியில் சென்ட்ரல் வங்கியின் பத்திரிகை விளம்பரம் ஒன்று, அடையாள ஆவணங்களின் வரிசையில் தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டுக் கடிதத்தையும் சேர்த்திருந்தது. ஊரே கிளைக்குத் திரண்டு பணத்தை எடுத்தது. வட்டி குறைந்ததாலோ வங்கி நொடித்ததாலோ மக்கள் வரவில்லை. தம் விவரம் தமக்கு எதிராகத் திரும்பும் என்ற ஒற்றை அச்சம் போதுமானதாக இருந்தது. இருப்பைக் காப்பது பெட்டகம். நம்பிக்கையைக் காப்பது இரகசியம்.

வரலாறு நடக்கும் திசை

நம் கோரிக்கை புதியது என்பவர் பழையதை அறியாதவர். ஒரு நூற்றாண்டுக்கு முன் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் டூர்னியர் வழக்கில் அளித்த தீர்ப்பே வங்கி இரகசியக் கடமையின் அடித்தளம். அந்த வழக்கைத் தொடுத்தவர் சீமானல்லர். ஒன்பது பவுண்டு சொச்சம் பாக்கி வைத்திருந்த சம்பளக்காரர். அவருடைய பாக்கியை வங்கி மேலாளர் முதலாளியிடம் சொல்லிவிட்டார். அவர் வேலை போயிற்று. சட்டத்தின் கட்டாயம், பொதுக் கடமை, வங்கியின் சொந்த நலன், வாடிக்கையாளரின் சம்மதம் ஆகிய நான்குக்கு அப்பால் வங்கி வாய் திறக்கக் கூடாது என்று நீதிமன்றம் வகுத்தது. சிறிய கடனாளிக்காகப் பிறந்த இரகசியத்தைப் பெரிய கடனாளிகள் அபகரித்தார்கள். நாம் அதை மீட்கிறோம்.

இந்தியாவின் தீர்ப்புகளும் அதே திசையில் நடந்திருக்கின்றன. ஆவணத்தை வங்கியிடம் ஒப்படைத்ததாலேயே அதன் மீதான அந்தரங்க உரிமை போய்விடாது என்று 2004இல் கனரா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றனர். வங்கிக் கணக்கோடு ஆதாரைக் கட்டாயம் இணைக்க வேண்டும் என்ற விதி 2018 செப்டம்பரில் வீழ்ந்தது. கடனாளிகளின் பெயரையும் படத்தையும் பலகையில் வைத்த கூட்டுறவுச் சங்கத்திடம், அது மனிதரின் கண்ணியத்தை மீறும் செயல் என்று 2024 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஈரோட்டு வழக்கிலிருந்து அந்தத் தீர்ப்பு வரை பதினெட்டு ஆண்டுகள். நீதி மெதுவாக நடந்தது; ஆனால் நம்மை நோக்கி நடந்தது.

நாம் ஏற்கும் கொள்கைகள்

முதற்கொள்கை, உரிமை. விவரம் கொடுத்தவருக்கு உரியது. வங்கி அதன் காவலர் மட்டுமே. கணக்குத் தொடங்கக் கொடுத்தது கணக்கோடு நிற்க வேண்டும். கடனுக்காகக் கொடுத்தது கடனோடு முடிய வேண்டும். இது நம் கற்பனையன்று. வாடிக்கையாளரை அறியும் நடைமுறைக்காகப் பெற்ற விவரத்தை, அவருடைய வெளிப்படையான அனுமதியின்றி வேறு சரக்கு விற்கவோ வேறு எதற்குமோ பயன்படுத்தக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பயிர்க்கடன் ஏறிய வாரமே டிராக்டர் கடனுக்கும் காப்பீட்டுக்கும் அழைப்பு வருகிறது. விதி காகிதத்தில் வாழ்கிறது, மீறல் கைபேசியில் ஒலிக்கிறது.

இரண்டாம் கொள்கை, சம்மதம். கவுண்டரில் படிவம் நீட்டப்படுகிறது. கையெழுத்து விழ வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி. “இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு போடுங்கம்மா.” பின்னால் வரிசை நிற்கிறது, பொடி எழுத்து ஆங்கிலத்தில் நிற்கிறது. குழும நிறுவனங்களோடும் முகவர்களோடும் என் விவரங்களைப் பகிரச் சம்மதிக்கிறேன் என்ற வாசகம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. படிக்காத சம்மதம் சம்மதமன்று. புரியாத கையெழுத்து கையெழுத்தன்று. 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகள் இருபத்திரண்டில் எதிலும் அறிவிப்பைப் படிக்கும் வாய்ப்பை நமக்குக் கொடுக்கிறது. கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அதே எளிமையோடு திரும்பப் பெறும் உரிமையையும் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முழுக் கடமைகளும் 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும். தமிழில் கேட்க நாம் அதுவரை காத்திருக்கப்போவதில்லை.

சம்மதத்தைத் துலக்கமாகப் பெறுவது இயலாத காரியம் என்பவர்களுக்கு ஒரே பதில். 2016இல் ரிசர்வ் வங்கி விதி வகுத்து, 2021 செப்டம்பரில் எட்டு வங்கிகளோடு நடைமுறைக்கு வந்த கணக்குத் திரட்டி முறையில் எந்த விவரம், யாருக்கு, எதற்காக, எத்தனை நாளுக்கு என்று தனித்தனியாகக் கேட்டே சம்மதம் பெறப்படுகிறது. இடையில் நிற்கும் திரட்டி நிறுவனம் அந்த விவரத்தைச் சேமிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. கைபேசி வைத்திருப்பவருக்கு இயல்வது காரியாபட்டிக் கவுண்டரில் நிற்பவருக்கும் இயல வேண்டும்.

மூன்றாம் கொள்கை, சமத்துவம். இரகசியத்துக்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. ஆயிரம் ரூபாய்க் கணக்கின் அந்தரங்கமும் ஆயிரம் கோடிக் கணக்கின் அந்தரங்கமும் ஒரே எடை. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை முதல் முறையாகப் பெண்களின் கணக்கில் ஏறியது. ஏறிய ஆயிரம் ரூபாயைச் சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்புக்கும் பழைய பாக்கிக்கும் பிடித்துக்கொண்டன. பிடிக்கக் கூடாது என்று அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட நேர்ந்தது; அவர் நம் மல்லாங்கிணற்றுக்காரர், அப்போது திருச்சுழித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். எளியவரின் கணக்கைப் பார்க்க முடிவதாலேயே அதில் கைவைக்கவும் முடியும் என்ற துணிவை நாம் முறியடிப்போம்.

நான்காம் கொள்கை, கண்ணியம். கடன் குற்றமன்று, கடனாளி கைதியன்று. குழுக்கடன் கூட்டத்தில் பாயில் அமர்ந்திருக்கும் பெண்களுக்கு நடுவே, கைபேசியைத் தடவிக்கொண்டே, “உங்களுக்கு வேற கம்பெனில ஒரு லோன் ஓடுதேக்கா” என்று ஓர் அலுவலர் சொல்லிவிட்டுப் போகிறார். அவர் படித்தது ஓர் அறிக்கை. அவர் உடைத்தது ஒரு வாழ்க்கை. அந்த அக்காவின் மாமியார் அங்கேயே இருக்கிறார். இதைத் திறமை என்கிறது பழைய ஒழுங்கு. வன்முறை என்கிறோம் நாம். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்பதும், கடன் செயலிகள் கைபேசியின் தொடர்பு எண்களைத் தொடக் கூடாது என்பதும் 2022இல் ரிசர்வ் வங்கி வலியுறுத்திய விதிகள். உறவினர், பக்கத்து வீட்டார், பள்ளி ஆசிரியர் யாரும் நம் கடனுக்குச் சாட்சிகள் அல்லர்.

ஐந்தாம் கொள்கை, காணும் உரிமை. நம்மைப் பற்றி எழுதப்பட்டதை நாம் வாசிப்போம். தவறாக எழுதப்பட்டதைத் திருத்துவோம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு. நம் ஊரில் நான்குக்கும் சேர்த்து ஒரே பெயர், சிபில். “சிபில் அடி வாங்கிருச்சு” என்ற ஒரு வாக்கியத்தில் டிராக்டரும் போகிறது, திருமணமும் தள்ளிப்போகிறது. 300க்கும் 900க்கும் இடைப்பட்ட அந்தக் கடன் மதிப்பெண், ஆண்டுக்கு ஒரு முறை இலவச அறிக்கையாக நமக்குக் கிடைக்க வேண்டும். தவறு என்று புகார் செய்து 30 நாளில் தீராவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. தீர்ப்பு எழுதுகிறவர் முகமற்றவர் என்பதால் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லாமற் போகாது.

ஆறாம் கொள்கை, பொறுப்பு. முகவரின் பிழை வங்கியின் பிழை. ஒப்பந்தக்காரரின் கசிவு வங்கியின் கசிவு. புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கும். அந்தத் தண்டம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வழி செய்த பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவையும் அச்சட்டமே நீக்குகிறது. தவணை தவறியவரின் நிதி நிலையை அறிய நிதி நிறுவனங்களுக்கு விலக்கும் அளிக்கிறது. காயம் ஒருவருக்கு, தண்டப்பணம் வேறொருவருக்கு என்ற கணக்கை நாம் ஏற்கவில்லை. இழந்தவருக்கே இழப்பீடு வர வேண்டும். கடனாளிக்கும் காப்பு வர வேண்டும்.

நாம் மறுப்பவை

மறைக்க ஏதுமில்லாதவருக்கு அச்சம் எதற்கு என்ற வாதத்தை மறுக்கிறோம். வீட்டுக்குக் கதவு வைத்தவர் எவரும் திருடர் அல்லர்.

கடனைக் கட்ட மறுக்கும் இயக்கமாக நம்மைச் சித்தரிப்பதை மறுக்கிறோம். வாங்கிய கடன் திரும்பும். வாங்கிய மானமும் திரும்ப வேண்டும்.

கறுப்புப் பணத்துக்குத் திரை போடுவதை மறுக்கிறோம். வரித்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் சட்டம் வகுத்த வழி திறந்தே இருக்கட்டும். சந்தைக்கும் தரகருக்கும் திறந்த புறவாசல் அடைபடட்டும். ரிசர்வ் வங்கி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன நீதியை வரவேற்கிறோம். அதிகாரத்துக்கு வெளிச்சம், குடிமக்களுக்கு அந்தரங்கம். இந்த வரிசையைத் தலைகீழாக்கியதே பழைய ஒழுங்கின் சாதனை.

வங்கி ஊழியரைப் பகைவராக்குவதை மறுக்கிறோம். கவுண்டருக்கு அப்பால் அமர்ந்திருப்பவரும் இலக்கின் கைதி. அவருக்கு மேலிருந்து வரும் நெருக்கடி கீழே வந்து நம் மீது பிடித்தமாக விழுகிறது. இரண்டையும் சேர்த்தே எதிர்க்கிறோம்.

தொழில்நுட்பத்தின் மீதான பகையை மறுக்கிறோம். கைரேகைக் கருவி கிராமத்துக்கு வங்கியைக் கொண்டுவந்தது. அதை நன்றியோடு ஏற்கிறோம். கருவி நம்மை அறியலாம். கருவியை வைத்திருப்பவர் நம்மை ஆளக் கூடாது.

நாம் செய்யப்போவது

கிராமந்தோறும் படிவ வாசிப்பு நடத்துவோம். கணக்குப் படிவம், குழுக்கடன் ஒப்பந்தம், கைபேசிச் செயலியின் நிபந்தனை ஆகிய அனைத்தையும் தமிழில் உரக்க வாசித்து, எந்த வரி எதைக் கொடுக்கிறது, எந்த வரி எதைப் பறிக்கிறது என்று விளக்குவோம். ஒவ்வோர் உறுப்பினரும் ஆண்டுக்கு ஒரு முறை தன் கடன் அறிக்கையைப் பெற உதவுவோம்.

மீறலை எழுத்தில் பதிவு செய்வோம். முதற்புகார் கிளைக்கு, 30 நாளில் பதிலோ நியாயமோ வராவிட்டால் அடுத்த புகார் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு. ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் அந்தப் புகாருக்குக் கட்டணம் வாங்குவதில்லை. 14448 என்ற எண் தமிழிலும் விளக்கம் தருகிறது. வாய்ப்பேச்சு வரிசையோடு கலைந்துபோகும். எழுத்து கோப்பில் நிற்கும்.

வங்கிகளிடம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். அச்சிட்ட படிவங்கள் இந்தி, ஆங்கிலத்தோடு வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் எல்லாக் கிளைகளிலும் நிறைவேற வேண்டும். பகிர்வுக்கான சம்மதம் தனித் தாளில், தனிக் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதை மறுத்தவருக்குக் கணக்கோ கடனோ மறுக்கப்படக் கூடாது. யாருடைய விவரம் யாருக்குப் போயிற்று என்ற பதிவு, கேட்டவுடன் பாஸ்புக்கைப் போல அச்சிட்டுத் தரப்பட வேண்டும்.

கணக்குதாரர்களே, இந்தப் பிரகடனத்தில் சேர நன்கொடை தேவையில்லை, உறுப்பினர் கட்டணம் தேவையில்லை. அடுத்த முறை கவுண்டரில் பெருக்கல் குறி போட்ட படிவம் நீட்டப்பட்டால், பேனாவை மேசை மேல் வையுங்கள், தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். புரிந்ததற்குக் கையெழுத்திடுங்கள், புரியாததை மறுத்துவிடுங்கள். மறுக்கும் உரிமை சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது. அதைக் காரியாபட்டியின் வழக்கமாக்குவது இனி நம் கையில்.